95 சதவீதம், எந்தத் தொட்டியில்?

பாலிமர் அரிமானத் தடுப்பான்களை ஆராய்கிறவர்களுக்கு,

வணக்கம். துத்தநாகம் பூசுவதற்கு முன் எஃகை அமிலத்தில் முக்கி, அதன் மேல் படிந்த ஆக்சைடுச் செதிலை நீக்கும் வேலை என்னுடையது. அந்த அமிலம் எஃகையே தின்றுவிடாமல் இருக்க அதில் ஊற்றும் தடுப்பான்கள் 95 சதவீதம் தடுக்கின்றன என்று சொல்லும் உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். மதிப்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு.

பாலிமரைத் தேர்ந்தது சரிதான். பாலிஎத்திலீன் இமீன் என்ற பாலிமரின் நைட்ரஜன் அணுக்கள் அமிலத்தில் புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் பெறுகின்றன. எஃகின் மேல் ஒட்டியிருக்கும் குளோரைடு அயனிகள் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. நீண்ட சங்கிலி பல இடங்களில் பற்றிக்கொள்வதால் ஓரிடத்தில் பிடி நழுவினாலும் முழுதாகக் கழன்றுவிடுவதில்லை.

ஆனால் நீங்கள் முக்குவது உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த துண்டு. அமிலமோ புத்தம்புதிய 1 மோலார் ஹைட்ரோகுளோரிக். எடைக் கணக்கில் 4 சதவீதம்கூட இல்லை. என் தொட்டி 15 சதவீதத்தில் தொடங்குகிறது. நாளாக நாளாக இரும்பு கரைந்து அமிலம் பச்சையாகிறது. அதில் இறங்கும் குழாயில் ஒரு பக்கம் கருநீலச் செதில், மறுபக்கம் செதில் உரிந்த வெற்று எஃகு. வெற்று எஃகிலிருந்து ஹைட்ரஜன் குமிழ்கள் சரம்சரமாகக் கிளம்பும். தடுப்பானை ஊற்றியதும் அடங்கும். பார்க்க நிறைவாக இருக்கும். செதிலும் கரையாமல் நின்றுவிட்டால் அந்த நிறைவுக்கு என்ன பொருள்? தேய்த்த துண்டில் செதிலே இல்லையே, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?

அமிலத்திலிருந்து எடுத்தபின் கழுவுவதைப் பற்றியும் நான் படித்ததில் யாரும் எழுதவில்லை. எஃகை இறுகப் பற்றும் படலம் தண்ணீரிலும் எளிதில் போகாது. ஒருமுறை பூச்சு முடிந்து வெளியே வந்த குழாயில் விரல் அகலத்துக்குத் துத்தநாகம் பிடிக்காமல் கறுப்பாகக் கிடந்தது. அன்று முழுவதையும் திரும்ப அமிலத்தில் போட்டோம்.

இன்னொன்று: 90 சதவீதத் தடுப்புத் திறன் 95 ஆனதை ஏதோ ஐந்து புள்ளி முன்னேற்றம்போல் எழுதுகிறீர்கள். தடுப்பான் இல்லாமல் கரைவதில் 10 சதவீதம் கரைந்த இடத்தில் இப்போது 5தான்; கரையும் இரும்பு பாதியாகக் குறைந்திருக்கிறது! அதை உரக்கச் சொல்லலாம். ஆனால் திறனைக் கணக்கிட நீங்கள் அளக்கும் துண்டின் எடை இழப்பு வெறும் சராசரி. அது ஊசித்துளைக் குழிகளைக் காட்டாது. உருப்பெருக்கியில் பார்த்து அதையும் சொல்லுங்கள்.

அடுத்த சோதனையில் இரும்பு கரைந்த பழைய அமிலத்துக்கும் ஒரு பீக்கர் ஒதுக்குங்கள். செதிலோடு கூடிய துண்டுகளை நானே வெட்டித் தருகிறேன். தேய்க்காமல் முக்குங்கள்.

இப்படிக்கு,
தொட்டியோரத்தில் நிற்பவன்