பேத்திக்கு வந்த வரன்

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முகப்பு ஓடு மாற்றுகிற வேலை நடக்கிறது. பங்காளிகளிடம் பங்குப் பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பேத்திக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை 11 வயசு மூத்தவர், கை நீட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வயசை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாதடி. எங்கள் ஐயா, அதான் தாத்தா, ஆயாவைவிட 14 வயசு பெரியவர். ரங்கூனுக்கு வியாபாரத்துக்குக் கொண்டுவிக்கப் போய், மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊருக்கு வருவார். ஒருநாளும் அடித்ததில்லையாம். ஆனால் வேறு வைத்துத் தனிக் குடித்தனம் ஆன பிறகும்கூட, தன் சீதனப் பணத்தில் கை வைக்க ஆயா ரங்கூனுக்குக் கடுதாசி போட்டுவிட்டுக் காத்திருப்பாள். அன்றைக்கு அதை யார் கொடுமை என்றார்கள்? 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி உதையோடு ஏச்சுப்பேச்சும், செலவுக்குத் தராமல் இழுத்தடிப்பதும், சீதனத்தை அமுக்கிக்கொள்வதும் சேர்த்தி.

எங்கள் தெருவில் ஒருத்தி, புருஷன் இரண்டே வயசு மூத்தவன். சித்திரை வெயிலிலும் அவள் முழுக்கை ரவிக்கை போட்டு வந்தால், முந்தின ராத்திரி அவன் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால், அடிக்கடி குடித்துவிட்டு வருகிறவனுடைய மனைவிகளில் பத்துக்கு ஏழு பேர் பட்டிருக்கிறார்கள். ஆகவே வயசை விசாரிக்கும் முன்னால் குடியை விசாரி.

அதற்காக வயசு ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கு 18, 19, கையில் சம்பளம் கிடையாது. அவனுக்கு 30, கடையும் வீடும் ஊர் மரியாதையும் இருக்கிறது என்றால், அவள் வாயே திறக்க முடியாது. திறந்தாலும் "பெரியவர் சொன்னால் கேட்டுக்கோ" என்று நம் ஆட்களே அடக்கிவிடுவார்கள். உன் பேத்திக்கு 26, சென்னையில் வேலை. அந்த வேலையை விடச் சொல்கிறார்களா? சம்பளம் யார் கணக்கில் போகும்? மாப்பிள்ளையைப் பெற்ற அப்பச்சி, அவனைப் பெற்ற ஆத்தாளிடம் எப்படி நடந்துகொள்கிறார்? அடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளையென்றால் நான் நாலு தடவை யோசிப்பேன். கூச்சப்படாமல் விசாரி.

கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பும்போது எழுதுகிற லிஸ்டில் ஒரு நகல் அவள் கையில் இருக்கட்டும், செல்போனிலும் படம் எடுத்து வைக்கச் சொல். சீதனத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அன்றைக்கு அந்த லிஸ்ட்தான் சாட்சி. வீடு யார் பேரில் இருந்தாலும், சட்டத்தை மீறி அவளை வெளியே தள்ள முடியாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சொல்லி வை. கல்யாணப் பேச்சில் இதென்ன அபசகுனம் என்று உன் மருமகள் முகம் சுளிப்பாள். சுளிக்கட்டும்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஜாதகம், எந்தக் கோயில் பிரிவு, கொடுக்கிற வைரம் எல்லாம் இருக்கிறது. பேத்தி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே! அவளை அந்தப் பையனோடு தனியாக நாலைந்து முறை பேசவிடு. அப்புறம் அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
தெய்வானை