தீப்புள்ளி குறைந்தால் தீ குறைந்ததாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுத்தீயையும் வயல்களில் வைக்கோல் எரிப்பையும் செயற்கைக்கோள்கள் கண்காணிக்கும் விதம் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். வனத்துறையில் வனவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இந்தப் பொருளை இவ்வளவு எளிய தமிழில் எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், செயற்கைக்கோள் தீயைக் கண்ட இடங்களாக வரைபடத்தில் குறிக்கப்படும் தீப்புள்ளிகள் குறைந்திருப்பதால் தீயும் குறைந்துவிட்டது என்று கட்டுரை எட்டியிருக்கும் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் புள்ளி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தாலே என் தயக்கம் புரியும். சுமார் 830 கி.மீ. உயரத்தில் துருவங்களின் வழியே சுற்றிவரும் சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவி, தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பகுத்துப் பார்க்கிறது. அதற்கு மூத்த டெரா, அக்வா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவிக்கு ஒரு கட்டம் என்பது ஒரு கிலோமீட்டர். கொழுந்துவிட்டு எரியும் தீ, நான்கு மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாக வெளிவிடும். வெயிலில் காய்ந்துகிடக்கும் வெறுந்தரையோ பத்து, பதினொரு மைக்ரானை ஒட்டித்தான் அதிகம் வெளிவிடும். ஆகவே ஒரு கட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு இடம் எரிந்தாலும், அந்தக் கட்டம் அக்கம்பக்கத்துக் கட்டங்களிலிருந்து தனித்துத் தெரிந்துவிடுகிறது. அதுவே வரைபடத்தில் ஒரு தீப்புள்ளி. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகவலை மாநிலங்களுக்கு அனுப்பிவருகிறது. இன்று பதிவு செய்துகொள்ளும் எவருக்கும் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்து சேர்கிறது.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் தீ எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் குறுஞ்செய்தி சொல்வதில்லை. அதில் வரும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கட்டத்தின் நடுப்புள்ளிக்கு உரியவை. நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாதப் பிற்பகலில் நான்கு மணிக்கு மேல் ஒரு செய்தி வந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஐவரும் நானுமாக, பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு, செய்தி காட்டிய சரிவில் ஏறினோம். அங்கே இடுப்புயரப் போதைப்புல் காற்றில் அசைந்துகொண்டிருந்ததே தவிர, கருகிய ஒரு புல்லைக்கூடக் காணவில்லை. புகையோ முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தது. சமவெளியில் முந்நூறு மீட்டர் பிழை ஒரு பொருட்டே இல்லை. மலையில் அது ஒரு முகட்டைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டிய இரண்டு மணி நேரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. செயற்கைக்கோள் அதைக் கண்டது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். அதற்குள் தீ அடுத்த சரகத்துக்குள் போய்விட்டிருந்தது.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அடர்காட்டுக்குள் இரவில் பிடித்த தீ ஒன்றைப் பின்னிரவுச் சுற்றில் கண்டு சொன்னதும் இதே செயற்கைக்கோள்தான். பனி ஈரம் காய்வதற்கு முன்பே போய் அதை அடித்து அணைத்தோம். இந்தச் செய்தி வராத காலத்தில், ஆடு மாடு மேய்ப்பவர்கள் இறங்கி வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். என் மறுப்பின் மையம் அதுதான். விர்ஸ் கருவியைச் சுமந்த செயற்கைக்கோள்கள் அனைத்தும் நம் ஊரைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். மாலை நான்கு மணிக்குப் பற்றவைத்து ஏழு மணிக்கு அணைந்துபோகும் தீ, அவற்றின் கணக்கில் நிகழவே இல்லை. மேகம் மூடினாலும் இதே கதைதான். மரங்களுக்கு அடியில் சருகை மட்டும் மேய்ந்துகொண்டு போகும் தரைத்தீயும் பல நேரம் தப்பிவிடும்.

கட்டுரை பெருமையோடு எடுத்துக்காட்டிய பஞ்சாப் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரையிலான பருவத்தில், 2020இல் அங்கு 83,002 தீ நிகழ்வுகள் பதிவாயின. 2024இல் அது 10,909. இந்தப் புள்ளிகளைக் கொண்டுதான் அங்கே அபராதம் விதிக்கிறார்கள், வழக்குப் போடுகிறார்கள். 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாகி, ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய் ஆனது. செயற்கைக்கோள் எத்தனை மணிக்குத் தலைக்கு மேலே போகிறது என்பது தெரிந்துபோனால் எவரும் அது போன பிறகுதான் தீக்குச்சியை உரசுவார். (அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டத்தால் நெல் நடவு தள்ளிப்போய், அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே மிகச் சில வாரங்களே மிஞ்சுகின்றன.) நாசாவில் பணிபுரியும் ஹிரேன் ஜெத்வா, எப்போதும் ஒரே பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்றின் படங்களைக் கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அங்கே தீயும் புகையும் பெருகுவதை 2024இல் சுட்டிக்காட்டினார். எரிப்பு உண்மையிலேயே ஓரளவு குறைந்திருக்கலாம். எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்பதைத்தான் நம்புவதற்கில்லை.

புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று, கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒருமுறை படமெடுக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பதால் அதன் கட்டம் பெரிது. சிறு தீ அதற்குத் தெரியாது. நம் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கட்டம் நான்கு கிலோமீட்டர். கூர்மையாகப் பார்ப்பது எப்போதாவது வருகிறது. எப்போதும் பார்ப்பது கூர்மையாகப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிப்பதோடு, எரிந்து முடிந்த பரப்பையும் அளக்க வேண்டும். தீ அணைந்தாலும் கரி மறைய நாளாகும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 முதல் 20 மீட்டர் துல்லியத்தில், ஐந்து நாள்களுக்கு ஒருமுறை அந்தக் கருமையைப் படமெடுத்து இலவசமாகத் தருகின்றன. எத்தனை மணிக்குக் கொளுத்தினாலும் கருகிய வயல் கருகிய வயல்தான். உடனே உழுதுவிட்டால் அதிலும் சற்று மறையும் என்றாலும், புள்ளிகளை எண்ணுவதைவிட இது நேர்மையான கணக்கு.

எனவே இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, புள்ளிகளின் எண்ணிக்கையோடு அவை எந்தச் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு எடுத்தவை என்பதையும், கிடைக்குமானால் எரிந்த பரப்பு எத்தனை ஹெக்டேர் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையோடு வந்த தமிழக வரைபடம் பற்றியும் ஒரு சொல். உள்ளங்கை நீளமுள்ள அந்தப் படத்தில் ஒவ்வொரு தீயும் சிவப்பு மிளகு போல அச்சாகியிருந்தது. வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே சுமார் 600 கி.மீ. என்று வைத்துக்கொண்டு அடிக்கோலால் அளந்து பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு கி.மீ. வருகிறது. அந்த அளவில் ஒரு விர்ஸ் கட்டம், மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலை முழுவதும் எரிகிறதா என்று என் பேத்தி கேட்டாள். அடுத்த முறை புள்ளியைச் சற்றுச் சிறிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனவர் ஒருவர்,
தேனி மாவட்டம்.