சான்றிதழில் உள்ள திகதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அரச நிதியிலான ஆய்வுகளில் பங்காளராகச் சேர முயலும் நம்மூர் விரிவுரையாளர்கள் கவனிக்க வேண்டியது: அந்நாட்டின் 2022ஆம் ஆண்டு 'சிப்ஸ் (கணினிச் சில்லுகள்) மற்றும் அறிவியல்' சட்டப்படி, முக்கிய ஆய்வாளர்கள் விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதங்களுக்குள் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியை (ஆய்வுத் தரவுகள் களவுபோகாமலும் வெளியார் தலையீடு இல்லாமலும் காப்பது பற்றிய பயிற்சி) முடித்திருக்க வேண்டும். அதற்கு முந்திய சான்றிதழ் உதவாது. இப்பயிற்சிக்கென அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை (NSF) தந்துள்ள நான்கு பாடங்களும் இணையத்தில் இலவசம்தான்.

சறுக்குவது பெரும்பாலும் விண்ணப்பத்தில் நம் மற்றப் பதவிகளின் விபரம் வெளிப்படுத்தும் படிவத்தில். வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத கௌரவப் பதவி இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். "காசு வாங்கவில்லையே" என்பது அங்கே எடுபடாது.

இன்னொன்று, துறைமுகக் கடலடி அளவீடுகளைப் பென்டிரைவில் கொண்டு திரிவதும், ஆய்வுகூடக் கணினியின் கடவுச்சொல்லைத் திரையோரம் ஒட்டிவைப்பதும் சான்றிதழால் நிற்கப்போவதில்லை. அந்தக் கணினியில் ஆளுக்கொரு பயனர் கணக்குத் திறந்து கொடுக்கத் துறைத்தலைவருக்கு ஒரு பிற்பகல் போதும்.

விரிவுரையாளர்கள் சிலர்,
திருகோணமலை.