எங்கள் பாலிகனும் சத்துணவுத் தட்டும்

ஹோவர்ட் கவுண்டித் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். ஊருக்குப் போன் செய்து இருக்கும் இடத்தைச் சொன்னால் "ஹார்வர்டா!" என்று வாயைப் பிளக்கும் சித்தப்பாக்களுக்கு இன்றைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில், நல்ல பள்ளிக்கூடம் என்ற ஒரே காரணத்துக்காகக் கடனை வாங்கி வீட்டை வாங்கியவன். இதைக் கல்வி வாரியத்துக்கு எழுதவில்லை. வாரியத்துக்கு 2019-இல் நாம் எழுதியதே போதும். உங்களுக்குத்தான் எழுதுகிறேன், முக்கியமாக அந்த வருஷம் என்னோடு ஒரே வாட்ஸாப் குழுவில் இருந்தவர்களுக்கு.

நினைவிருக்கும். ஆகஸ்டில், கவுண்டிப் பள்ளிகளுக்கெல்லாம் அப்போது தலைவராக இருந்த சூப்பரின்டெண்டெண்ட் மைக்கேல் மார்டிரானோ தன் திட்டத்தை வெளியிட்டார். சுமார் 7,400 பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும். சில பள்ளிகளில் நெரிசல், சில பள்ளிகளில் காலி இடம் என்றது ஒரு காரணம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருசில பள்ளிகளிலேயே குவிந்து கிடக்கிறார்கள் என்றது இன்னொன்று. முதல் காரணத்தோடு யாருக்கும் சண்டை இல்லை.

கவுண்டி வரைபடத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பேர் பாலிகன். பள்ளிக்கூட ஜியோமெட்ரியோடு நான் மறந்துபோன சொல். ஒரே வாரத்தில் அந்த எண் ரேஷன் கார்டு நம்பர் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று. கல்யாண வீட்டில் "நீங்க எந்த ஊரு?" என்பதுபோல, இந்தியன் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே "உங்க பாலிகன் எது?" என்று கேட்டுக்கொண்டோம். எந்த பாலிகனைத் தள்ளிவிட்டால் நம் பாலிகன் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டவர்களும் நம்மில் உண்டு. நான் போட்டேன்.

பொது விசாரணையில் பேச மூன்று நிமிடம் தந்தார்கள். காலை ஏழு மணிக்கு எங்கள் சாலை சிவந்து கிடப்பதை கூகுள் மேப்பில் படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து, அட்டையில் ஒட்டிக்கொண்டு போனேன். இத்தனை மைல், இத்தனை சிக்னல், என் பெண் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்றேன். நன்றாகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அட்டையை கராஜில் சாய்த்து வைத்தபோது என் மனைவி கேட்டாள்: "பாட்டு கிளாசுக்கு ராக்வில் வரைக்கும் வாராவாரம் ஓட்டுறோமே, அப்பல்லாம் தூரம் தெரியலையா?" நான் பதில் சொல்லவில்லை. தோசை வேண்டுமா என்றாள். வேண்டும் என்றேன்.

தூரம் இல்லையென்றால் பிறகு என்ன? வீடு தேடிய காலத்தில் நாம் பார்த்த எண்களை நினைத்துப் பாருங்கள். ரியல் எஸ்டேட் தளத்தில் வீட்டு விலைக்குக் கீழே, பள்ளிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வரும். விவரம் தெரிந்தவர்கள் அதோடு நிற்காமல் இன்னொரு எண்ணையும் தேடுவார்கள். ஃபார்ம் என்பார்கள். இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. 2019-இல் வைல்ட் லேக் உயர்நிலைப் பள்ளியில் அது பத்துக்கு நான்குக்கு மேல். ரிவர் ஹில்லில் மிகச் சொற்பம். காரில் போனால் இரண்டுக்கும் இடையே கால்மணி நேரம். நம் குழுவில் யாரோ ஒரு எக்செல் ஷீட் போட்டார்கள், ஃபார்ம் எண் கூடக் கூடக் கட்டம் சிவந்துகொண்டே போகும்படி. நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஒன்றாம் வகுப்பு. என் தட்டு அலுமினியம். மாறிப்போகக் கூடாது என்று அம்மா விளிம்பில் ஆணியால் என் இனிஷியலைக் குத்திக் கொடுத்திருந்தாள். மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் வரிசை. சோறு கொதிக்கக் கொதிக்க விழும், தட்டின் அடிப்பக்கம் சுடும், சட்டை நுனியால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். தின்று முடித்ததும் மணலைப் போட்டுத் தேய்த்து, அடிபம்பில் கழுவி, ஈரத்தோடு பைக்குள் செருகினால் கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் ஊறிப்போகும். வாத்தியார் கண்ணில் படாத நாட்களில் காலனிப் பிள்ளைகளைச் சமையல்காரம்மா தனி வரிசையில் உட்காரவைப்பார். எனக்கு அது அப்போது உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர்க் கணக்கைப் போட்டால் எங்கள் பள்ளியின் ஃபார்ம் எண் நூற்றுக்கு நூறு. எக்செல்லில் அதைவிடச் சிவந்த கட்டம் இருக்க முடியாது. அந்தக் கட்டத்துக்குள்ளிருந்துதான் நான் வந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான், இல்லையென்றால் உங்கள் அப்பாக்கள் 1956-இல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவில் படித்தவர்களாக இருப்பார்கள். அந்தச் சோற்றைப் பற்றி மேடை ஏறிப் பெருமையாகப் பேசுகிறோம். பொங்கல் விழாவில் பேசிக் கேட்டிருக்கிறேன், கண்கூடக் கலங்கும். அதே சோறு இங்கே ஒரு பிள்ளையின் தட்டில் விழும்போது மட்டும் அது ஏன் நமக்கு அபாய எண் ஆகிறது?

"இந்த ஊர் கதை வேறு" என்பீர்கள். வேறுதான். 1949-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று திறந்த ஹாரியட் டப்மன் பள்ளி 1965-இல் மூடப்பட்டபோதுதான் இந்தக் கவுண்டியில் பிரித்து வைத்துப் படிக்கவைப்பது முடிவுக்கு வந்தது. இனம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதே 1965-இல்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகுதான் நம் ஆட்களுக்கு இந்த ஊர்க் கதவு சரியாகத் திறந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது கறுப்பின மக்களின் அதே உரிமைப் போராட்டக் காலம். அடிவாங்கியது நாம் இல்லை.

கட்டட அதிபர் ஜேம்ஸ் ரௌஸ் 1967-இல் இந்தக் கவுண்டியில் கொலம்பியா என்ற நம் ஊரைத் தொடங்கியபோதே எல்லா நிறத்தவருக்கும் வீடு என்றுதான் தொடங்கினார். இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் அதற்கு மறுவருஷம்தான் வந்தது. பெரிய வீடும் அபார்ட்மெண்டும் ஒரே வில்லேஜுக்குள், அதாவது ஒரே குடியிருப்புப் பகுதிக்குள், இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தபால் பெட்டிகளை வீட்டு வாசலில் வைக்காமல் ஒரே இடத்தில் கூட்டாக வைத்ததுகூட, கடிதம் எடுக்க வரும்போது அக்கம்பக்கத்தார் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள் என்பதற்காகத்தான். (தெருப் பேர்களைக் கவிதைகளிலிருந்தும் கதைகளிலிருந்தும் எடுத்தது மட்டும் எதற்கு என்று தெரியவில்லை. பீட்சா ஆர்டர் செய்யும்போது நாக்கு சுளுக்குகிறது.) அமேசான் பெட்டி வாசலுக்கே வந்துவிடுகிற காலத்தில் அந்தத் தபால் பெட்டிப் பக்கம் நான் வாரத்துக்கு ஒருமுறை போனால் அதிகம்.

ஒரு விஷயத்தில் இந்தக் கவுண்டிக்கு வாய்ப்பு உண்டு. டெட்ராய்ட்டில் நகரம் ஒரு பள்ளி மாவட்டம், சுற்றியிருக்கும் ஒவ்வொரு புறநகரும் தனித்தனி மாவட்டம். அந்த எல்லைகளைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்கும் திட்டத்தை 1974-இல், மில்லிக்கன் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. மேரிலாந்தில் அப்படி இல்லை, கவுண்டி முழுக்க ஒரே மாவட்டம். பள்ளிகளின் எல்லைக் கோட்டை நகர்த்த எந்த நீதிமன்றத்துக்கும் போக வேண்டாம், வாரியம் ஓட்டுப் போட்டால் போதும். 2007-இல் வந்த சியாட்டில் தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் இனத்தையும் பார்த்துப் பள்ளி ஒதுக்க முடியாது. அதனால்தான் வருமானம் பக்கம் போய், மதிய உணவுக் கணக்கில் வந்து நிற்கிறார்கள். பால்டிமோர் நகரம் தனி மாவட்டம் என்பதால் அந்த ஊர்ப் பிள்ளைகள் நம் கணக்கில் வரவே மாட்டார்கள். நாம் தெருவில் நின்று எதிர்த்தது நம் கவுண்டிக்குள்ளேயே நடந்த சின்ன நகர்த்தலைத்தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நவம்பர் 21-ஆம் தேதி வாரியம் ஓட்டுப் போட்டது. முதலில் சொன்ன எண்ணிக்கை குறைந்தாலும் 5,000 பிள்ளைகளுக்கு மேல் இடம் மாறினார்கள். எங்கள் பாலிகனும் போயிற்று. அன்று ராத்திரி குழுவில் துக்க வீடு மாதிரி. என் பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி.

2020 செப்டம்பரில் பள்ளி திறந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். கொரோனா. எந்த பஸ்ஸுக்காக நான் மூன்று நிமிடம் கத்தினேனோ அந்த பஸ் மாதக்கணக்கில் வரவே இல்லை. ரிவர் ஹில், வைல்ட் லேக், எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியின் தூரம் படுக்கையிலிருந்து லேப்டாப் வரைக்கும்தான். என் பெண் பைஜாமாவோடு பயாலஜி படித்தாள். அட்டை கராஜில் அப்படியே இருந்தது.

பிறகு பள்ளி நேரில் திறந்தது, போனாள், படித்தாள், முடித்தாள். நாங்கள் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. வாரியம் ஆசைப்பட்டபடியும் நடக்கவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒருநாள் அவளிடம் கேட்டேன், வசதி குறைந்த அந்த அபார்ட்மெண்ட் பிள்ளைகள் யாரும் உனக்கு ஃபிரெண்டா என்று. யோசித்தாள். அவங்க என் கிளாஸ்ல இல்லையே அப்பா என்றாள். அவள் படித்ததெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்ற ஜி.டி. வகுப்பு, அப்புறம் கல்லூரித் தரத்து ஏ.பி. வகுப்பு. ஒரே கட்டடம், ஒரே கேண்டீன், வகுப்பறைக் கதவு மட்டும் வேறு. சமையல்காரம்மாவின் தனி வரிசை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நம் வழியில் வந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதையே எண்ணில் காட்டுகிறது. ஃபேஸ்புக் நட்புகள் கோடிக்கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். வசதியுள்ளவர்களோடு நட்பு அதிகமாகக் கலந்த ஊர்களில் வளரும் ஏழைப் பிள்ளைகள் பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். அந்த நட்பு ஏன் குறைகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். பாதி, ஒரே இடத்தில் இல்லாததால். மீதிப் பாதி, ஒரே இடத்தில் இருந்தும் பழகாததால். கோட்டை நகர்த்தினால் முதல் பாதிதான் சரியாகும்.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்குள் இரண்டு பள்ளி மாறிய பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு அது கஷ்டம்தான். கார் இல்லாத வீட்டுப் பிள்ளையைத் தூரப் பள்ளிக்கு மாற்றினால், காய்ச்சல் என்று நர்ஸ் போன் செய்தால் யார் போய் அழைத்துவருவார்கள்? சாயங்காலம் ரோபோடிக்ஸ் முடிந்தபின் எப்படி வீடு திரும்புவார்கள்? தூரம் உண்மையிலேயே வலிக்கிற இடம் அது. அந்த அரங்கில் தூரத்தைப் பற்றிப் பேசிய எங்கள் குழுக்காரர் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் எங்கள் எல்லோர் வீட்டிலும் இரண்டு கார்.

2023-இல் ஜெசப்பில் கில்ஃபர்ட் பார்க் உயர்நிலைப் பள்ளி திறந்தபோது கோடுகள் மறுபடி நகர்ந்தன. இனியும் நகரும், ஊர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அடுத்த முறை குழு ஆரம்பிக்கும்போது என்னையும் சேருங்கள், சேருகிறேன். இரண்டு கேள்வியோடு வருவேன். ரோபோடிக்ஸ் போன்றவை முடிந்தபின் விடும் சாயங்கால பஸ் எத்தனை பள்ளிகளில், வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுகிறது? ஜி.டி. வகுப்புக்குள் ஃபார்ம் பிள்ளைகள் எத்தனை பேர்? இரண்டாவதை வாரியத்திடம் கேட்பதற்கு முன்னால் நாம் நமக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கும். அந்த வகுப்பில் இடம் பிடிக்க ஐந்தாம் வகுப்பிலிருந்து கோச்சிங் அனுப்புவது நாம்தான். நானும் அனுப்பினேன், மாதாமாதம் பணம் கட்டினேன்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். எதிர்க்கப் போகிற பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பேண்ட் கச்சேரி, நாடகம், ஃபுட்பால், ஏதாவது ஒரு சாயங்காலம். டிக்கெட் சில டாலர்தான். நான் 2019-இல் அந்தப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காமல் அதைப் பற்றி மூன்று நிமிடம் பேசிவிட்டு வந்தவன்.

அட்டை இன்னும் கராஜில்தான் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் என் மனைவி போன கொலுவுக்குப் படிக்கட்டின் மேல் விரித்தாள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
கொலம்பியா, மேரிலாந்து