படத்தில் கதவைக் காணோம்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதமும் நீ வரைந்த படமும் வந்து சேர்ந்தன. படத்தை மூன்று நாளாக மேசையிலேயே விரித்து வைத்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு முறை அதன் மேலேயே டம்ளரை வைத்துவிட்டாள். கார் நிறுத்தும் இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியைத் தடுத்துத் துப்பாக்கி வேலைக்கு ஒரு பட்டறை. சரி, ஆசைதானே. குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ முதலில் சொன்னபோது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன் அப்பா" என்று எழுதினாயே, அன்றைக்கு மனசு மாறிவிட்டது. பிரித்துப் பார்க்கிற புத்தி என்னிடமிருந்து வந்தது.

ஆனால் படத்தின் நடுவில் இவ்வளவு பெரிதாக லேத்தை ஏன் வரைந்தாய்? முப்பது வருஷம் லேத் முன்னால் நின்றவன் சொல்கிறேன், உனக்கு இப்போதைக்கு லேத் வேண்டாம். முதல் இரண்டு வருஷம் நீ என்ன செய்யப் போகிறாய்? சுத்தம் செய்வாய், தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவாய், தொலைநோக்கியைப் பொருத்துவாய், துப்பாக்கியின் மரக்கட்டையில் விரிசல் இருந்தால் ஒட்டுவாய், பழைய பூச்சைச் சுரண்டி எண்ணெய் ஏற்றுவாய். இதில் எதற்கும் லேத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் பெஞ்சும், பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸும், வெளிச்சமும் வேண்டும். நீயோ பெஞ்சை ஒரு மூலையில் நாலடிக்குச் சுருக்கிவிட்டாய்.

பெஞ்சின் நீளத்தை இப்படிக் கணக்குப் போடு. ரைஃபிள் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் அடி. குழலைப் பின்பக்கமிருந்து துடைக்கும் கம்பி ஏறக்குறைய மூன்றரை அடி. அந்தக் கம்பி முழுக்க வெளியே வந்து, மறுபடி நேராக உள்ளே போக வேண்டும். ஆக ஏழு அடிக்கு மேல் தடையில்லாத நேர்கோடு வேண்டும். பெஞ்ச் ஆறடி இருந்தால் போதும், ஆனால் ஒரு முனையாவது சுவரை முட்டக் கூடாது. முட்டினால் கம்பியைச் சாய்த்துத்தான் நுழைப்பாய், அது குழலின் உள்வரிகளை உரசும். அகலம் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். எட்டாத இடத்தில் குப்பைதான் சேரும். உயரத்துக்கு நின்றபடி முழங்கையை மடக்கிப் பார். வைஸின் வாய் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். அரம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் அளப்பார்கள். கடையில் விற்கிற பெஞ்ச் உன் உயரத்துக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, கட்டையடித்து உயர்த்திக்கொள். ஆடாமல் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கு.

வைஸ் நாலு அங்குல வாய் போதும். ஆனால் பற்கள் இருக்கிற இரும்பு வாயில் துப்பாக்கியை வைத்தால் அன்றோடு அதன் அழகு போச்சு. மரத்திலோ அலுமினியத் தகட்டிலோ உறை செய்து மாட்டு, உள்ளே தோல் ஒட்டு. பிடிக்கிற இடத்தையும் யோசி. விசைக்கு மேலே இருக்கும் உடல்பகுதி பார்க்கத் தடிமனாகத் தெரியும், உள்ளே வெறும் கூடு. அதை வைஸில் நெரித்தால் கோணிக்கொள்ளும், அப்புறம் உள்ளே முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட் நகராது.

இப்போது ஸ்குரூ டிரைவர். இதை நான் நேரில் காட்டியிருக்க வேண்டும், எழுதித்தான் சொல்ல முடிகிறது. வீட்டில் இருக்கிற எதையாவது எடுத்து முனையைப் பக்கவாட்டில் பார். ஆப்பு மாதிரி நுனியை நோக்கி மெலிந்திருக்கும். துப்பாக்கி ஸ்குரூவின் தலையில் இருக்கும் பள்ளமான காடியோ நேர்ச்சுவராக வெட்டியிருக்கும். ஆப்பை அதில் வைத்துத் திருப்பினால் காடியின் மேல்விளிம்பில் மட்டும்தான் படும். பலம் கொடுக்கக் கொடுக்க முனை மேலே ஏறும், கடைசியில் வழுக்கும். விளிம்பு மலர்ந்து போகும், பக்கத்தில் ஒரு நீளக் கோடும் விழும். பழைய துப்பாக்கியை வாங்குகிறவர்கள் முதலில் ஸ்குரூ தலையைத்தான் பார்ப்பார்கள், இதற்கு முன்னால் யார் கை வைத்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். இந்த வேலைக்கென்றே முனையின் இரு பக்கமும் குடைந்து, நுனி நேராக நிற்கும்படி சாணை பிடித்தவை வரும். முனையின் அகலம் காடியின் நீளத்துக்குச் சமமாக, தடிமன் காடியை நிரப்பும்படி இருக்க வேண்டும். காடியில் வைத்து விரலால் ஆட்டிப் பார், ஆடவே கூடாது. கிடைக்காத அளவை நீயே தேய்த்துக்கொள்ளலாம், அடிக்கடி தண்ணீரில் முக்கியபடி மெதுவாகத் தேய். முனை நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இதற்குத் தாராளமாகச் செலவு செய், வேறெதில் வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பண்ணு.

சின்ன ஸ்பிரிங் தெறிக்கும். தெறிக்காத பட்டறை கிடையாது. நான் வேலை பழகிய காலத்தில் ஒன்று தெறித்துத் தரையெல்லாம் துழாவினேன். மூன்று நாள் கழித்து ரேடியோப் பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் கிடந்தது. அதனால் தரைக்கு வெளிர் நிறமாக ஒரே நிறத்தில் பூசு, சுவரும் தரையும் சேரும் இடுக்கை அடைத்துவிடு. ஸ்பிரிங் இருக்கிற பாகத்தைப் உள்ளே இருப்பது தெரிகிற பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரி. வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் வரட்டும், ஒன்றே இருந்தால் உன் கையின் நிழலே வேலையை மறைக்கும். பிற்பாடு லேத் வந்தால் விளக்கை மறுபடி பார்க்க வேண்டும். சில மலிவு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரியும், அதில் லேத்தில் பாகத்தைப் பிடித்துச் சுழல்கிற சக் நின்றுவிட்டது போலத் தெரியும். கை வைத்தால் போயிற்று.

சாணைக் கிரைண்டரைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வரைந்திருக்கிறாய், அதை எடுத்து எதிர்மூலையில் வை. அதன் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் தேய்ப்புப் பசை மாதிரிதான், எதில் பட்டாலும் தின்னும். அமிலப் புட்டியை இந்த அறைக்குள் விடவே விடாதே. பற்றவைக்கும் வேலைக்கென்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாங்கி, சரியாக மூடாமல் லேத் அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன், உனக்கு அப்போது ஐந்து வயது. திரும்பி வந்து பார்த்தால் லேத் படுகை முழுக்கச் செம்மண் பூசியது போல் துரு. அரை மாதம் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். துப்பாக்கிக்குத் துருவைத் தடுக்கும் நீலப்பூச்சு ஏற்றும் ஆசை உனக்கு வரும், வராமல் இருக்காது. கொதிக்கும் காரக்கரைசலில் செய்கிற வகையை நினைக்கவே வேண்டாம், அது 140 டிகிரிக்குச் சூடாகி நிற்கும் சோடியம் ஹைட்ராக்சைடு. அதைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடு.

கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதே. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் போடு. சுட்டுவிட்டு வந்த துப்பாக்கியில் ஈயத்தூள் இருக்கும். அங்கே எதையும் சாப்பிடாதே, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடை, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

தோட்டா ஒன்றுகூட அந்த அறைக்குள் வரக் கூடாது. இயக்கிப் பார்க்க வெடிக்காத டம்மி தோட்டா வைத்துக்கொள். துப்பாக்கியைப் பெஞ்சில் வைக்குமுன் அதில் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார். நேற்றுப் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. இரும்பு அலமாரி ஒன்றைச் சுவரோடு போல்ட் போட்டுப் பூட்டு, சாவி உன்னிடமே இருக்கட்டும். இன்னொன்று, நண்பர்கள் தங்கள் துப்பாக்கியைக் கொண்டு வருவார்கள். பல நாடுகளில் அடுத்தவர் துப்பாக்கியைக் காசு வாங்கிக்கொண்டு பழுது பார்க்கத் தனி உரிமம் வேண்டும். உன் ஊரில் எப்படி என்று முதலில் விசாரி, அதுவரை யாரிடமும் "கொடுங்கள் பார்க்கிறேன்" என்று சொல்லாதே.

லேத்துக்கு இடம் விடாதே என்று சொல்லவில்லை. நீளச் சுவரில் ஆறடி காலியாக வை, அதற்கு இடது பக்கம் இன்னும் இரண்டடி. குழலை லேத்தின் இடது முனையில் இருக்கும் தலைப்பெட்டியின் துளை வழியே நுழைத்துத்தான் வேலை செய்ய வேண்டும், பின்முனை இடது பக்கம் வெளியே நீட்டும், அங்கே நீ நின்று கை வைக்க இடம் வேண்டும். வாங்கும்போது அந்தத் துளை 35 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பார். சின்ன மேசை லேத்துகளில் பெரும்பாலும் 20 தான் இருக்கும், குழலின் தடித்த முனை உள்ளேயே போகாது. தலைப்பெட்டியும் நீளமாக இருக்கக் கூடாது. இருந்தால் குட்டைக் குழல் உள்ளேயே மறைந்துவிடும், இரண்டு முனையிலும் பிடிக்க முடியாது. மின்சாரம் இழுக்கிறவரிடம் அந்தச் சுவருக்குத் தனி லைன் இப்போதே போடச் சொல், பிறகு சுவரை உடைக்காதே.

அப்புறம் ஒன்று. படத்தில் கதவே இல்லை. அந்த மாதிரி லேத் ஒன்று சில நூறு கிலோ இருக்கும், எந்த வழியாக உள்ளே வரப்போகிறது? கதவின் அகலம் எவ்வளவு, உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, முன்னால் படி இருக்கிறதா, மூன்றையும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. உன் முழங்கை உயரத்தையும் எழுது, வைஸ் உறையை நானே செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா