காது இரைச்சலோடு வருகிறவரைப் 'பழகிக்கோங்க' என்று அனுப்பிவிடும் டாக்டர்களுக்கு

காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு வணக்கம்.

காதில் ஓயாமல் இரைச்சல் என்று ஒருவர் வருகிறார். காதுக்குள் லைட் அடித்துப் பார்க்கிறீர்கள், அழுக்கு இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்கச் சொல்கிறீர்கள், அதுவும் நார்மல் என்று வந்துவிட்டால் "இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறீர்கள். எல்லோரும் இப்படி இல்லை, தெரியும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவர்களில் நானும் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது பொய் இல்லை. பெரும்பாலானோருக்கு இந்தச் சத்தத்தை அடியோடு நிறுத்துகிற மருந்து இன்றுவரை இல்லைதான், பழகுவதுதான் வழி. ஆனால் எப்படிப் பழகுவது, யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது? அதைச் சொல்லாமல் அனுப்பினால் அந்த மனிதருக்குக் காதில் விழுவது "மருந்து கிடையாது" என்ற பாதி மட்டும்தான். வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்ததும் அந்தச் சத்தம்தான் முதலில் வந்து நிற்கும், மூளையில் கட்டியோ, காது முழுசாகப் போய்விடுமோ என்று மனசு ஓடும், கூடிவிட்டதா குறைந்திருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை உற்றுக் கேட்கத் தோன்றும், உற்றுக் கேட்கக் கேட்க அது இன்னும் பெரிதாகும்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது. காதிலிருந்து வரும் தகவல் கொஞ்சம் குறைந்தால் மூளை அதை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அமைதியில் எதையாவது கேட்பது நோயாளிக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது என்றார்கள். சத்தத்தை மூளை 'ஆபத்து' என்று குறித்துவைத்துக் கொள்ளும்போதுதான் அது நம்மை விடாமல் பிடித்துக்கொள்கிறது, 1990-இல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான். அப்படியென்றால், கைவிரித்துப் பேசும் டாக்டரின் ஒரு சொல்லே அந்தக் குறியை இன்னும் ஆழமாகப் பதித்துவிடாதா? தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

நான் பிறகு போய்ச் சேர்ந்தது ஒரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம். ஹெட்போனை மாட்டிவிட்டு ஒவ்வொரு ஒலியாக ஓடவிட்டு, இதைவிட மேலா கீழா, இதைவிடச் சன்னமா என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "இதேதான்" என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தித் திரையைக் காட்டினார். சைரன் போல அலறுவதாக நான் நினைத்திருந்த சத்தம், என் காது கேட்கக்கூடிய எல்லைக்குச் சில டெசிபல்தான் மேலே இருந்தது. பலருக்கும் இப்படித்தான் வரும், அளவில் தெரியும் சத்தமும் படுகிற வேதனையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்றார். அன்றைக்குப் பாதி பயம் போனது. அப்புறம்தான் மற்றதெல்லாம் சொன்னார்: முழு நிசப்தத்தில் இருக்காதீர்கள், மழைச் சத்தமோ ஃபேன் சத்தமோ மெல்லியதாக ஓடட்டும், ஆனால் இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வேண்டாம், அது கேட்டுக்கொண்டே இருக்கும்போதுதான் மூளை அதை ஒதுக்கப் பழகும். காதடைப்பான் சத்தம் அதிகமான இடத்துக்கு மட்டும். கேட்கும் திறன் குறைந்திருக்கிறவர்களுக்கு ஹியரிங் எய்டே பெரிய நிவாரணமாக இருக்கும் என்றும் சொன்னார்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பேசிப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) பற்றியும் நீங்களே சொல்லிவிடுங்கள். அது சத்தத்தைக் குறைப்பதில்லை, அதனால் வாழ்க்கையில் விழும் பாரத்தைக் குறைக்கிறது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் மனநல நிபுணரைப் பாருங்கள் என்று மொட்டையாகச் சொன்னால், "எல்லாம் என் கற்பனை என்கிறாரா" என்றுதான் தோன்றும். சத்தம் நிஜம், அதற்கு மூளை காட்டும் எதிர்வினையை மாற்றத்தான் இந்தப் பயிற்சி என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்லுங்கள், சந்தோஷமாகப் போவார்கள்.

அந்த மாத்திரைகளும் வேண்டாமே. ஜிங்கோ என்ற மூலிகை, தூக்கத்துக்கான மெலட்டோனின், துத்தநாகம் எதையும் இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பின் 2014 வழிகாட்டுதலே சொல்கிறது. வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை என்பது புரிகிறது, ஆனால் பலன் தராத மாத்திரையை நம்பிக் காத்திருந்து ஏமாறுகிறவர் அடுத்து எதையுமே நம்ப மாட்டார்.

இன்னொன்று, இது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. எல்லோருக்கும் ஒரே "பழகிக்கோங்க" சொல்லும் அவசரத்தில், பழகிக்கொள்ளவே கூடாத இரைச்சலும் நழுவிப் போய்விடலாம். ஒரு காதில் மட்டும் தொடர்ந்து கேட்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து துடிப்பது, தலைசுற்றலோடோ முகம் ஒரு பக்கம் இழுப்பதோடோ வருவது, இதற்கெல்லாம் கூடுதல் பரிசோதனை தேவை என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். திடீரென்று ஒரே நாளில் காது கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், முதல் இரண்டு வாரம்தான் முக்கியமான காலம். வரவேற்பில் உட்கார்ந்து அடுத்த மாதத்துக்கு நேரம் கொடுப்பவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்றும் கேளுங்கள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், ஆன்டிபயாடிக்கான ஜென்டாமைசின், அதிக அளவு ஆஸ்பிரின் எல்லாம் காதைத் தாக்கக்கூடியவை. ஆடியோகிராம் நார்மல் என்றால், வழக்கமான பரிசோதனை 8000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறது, அதற்கு மேலே குறை இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று கேட்டுவிட்டு, சத்தத்தோடு வீட்டுக்குப் போவது கொடுமை.

நேரம் இல்லை என்பீர்கள், சரி. டின்னிடஸ் என்ற இந்தக் காது இரைச்சலின் பாதிப்பை அளக்க 25 கேள்வி கொண்ட படிவம் ஒன்று 1996-லிருந்தே இருக்கிறது, காத்திருக்கும் நேரத்தில் நோயாளியே நிரப்பிவிடுவார், 100-க்கு எவ்வளவு என்று பார்த்தாலே யாரை உடனே மேற்கொண்டு சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். மதிப்பெண் அதிகமாக இருப்பவரிடம் மட்டுமாவது தூக்கம் எப்படி, மனசு எப்படி, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால், காது டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்ற தயக்கத்திலேயே பலர் எழுந்து போய்விடுவார்கள்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்