கோவ் துறைமுகத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வேலைவாய்ப்பு இணைப்பில் சொகுசுக் கப்பல் வேலை பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ‘சம்பளத்தோடு உலகம் சுற்றலாம்’ என்று தலைப்பு. கூடவே ஒரு படம், சரிவில் வரிசையாக வண்ண வண்ண வீடுகள், மேலே பெரிய தேவாலயம், கீழே கடல். எந்த ஊர் என்று கட்டுரையில் எங்குமே இல்லை. அது அயர்லாந்தின் தென்கரையில், கார்க் பக்கத்தில் இருக்கும் கோவ். நான் வெயிட்டராக வேலை பார்க்கும் கப்பல் கோடைக்காலத்தில் போய் நிற்கும் ஊர் அது. இப்போது விடுப்பில் நாகர்கோவிலில் இருக்கிறேன், பேப்பரை நிதானமாகப் படிக்க நேரம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை எழுதியவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு என் சித்தி பையன், கேட்டரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான், “அண்ணே, நீ அயர்லாந்து பூரா சுத்தியிருப்பியே” என்று கேட்டான். பார்த்திருக்கிறேன் தம்பி, பஃபே ஹால் ஜன்னல் வழியாக, கையில் காபி ஜாடியோடு என்றேன். அவன் சிரித்தான். நான் சொன்னது நிஜம்.

துறைமுக நாள் எப்படிப் போகும் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். கப்பல் காலை ஏழு எட்டு மணிக்குக் கரையைப் பிடிக்கும். பயணிகள் சாப்பிட்டுவிட்டுத்தான் டூர் பஸ் ஏறுவார்கள், ஆகவே மற்ற நாளைவிட அன்றைக்குச் சீக்கிரமே பசிக்கும் அவர்களுக்கு. ஆறு மணிக்கு நாங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு ஹாலில் நிற்க வேண்டும். பத்தரைக்குக் காலைச் சாப்பாடு முடிந்தால் மேசை துடைத்து, விரிப்பு மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்குக் கரண்டி, கண்ணாடி எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுத்தான் நகர முடியும். பாதிப் பேர் ஊர் சுற்றப் போய்விடுவதால் மதியம் கூட்டம் குறைவு, அதனால் சிலருக்கு லஞ்ச் ஆஃப் கிடைக்கும். பலகையில் ஒட்டியிருக்கும் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் கரை, இல்லையென்றால் காபி ஜாடி.

பெயர் இருந்தாலும் ஐ.பி.எம். என்று ஒன்று குறுக்கே நிற்கும். கப்பல் கரையில் கட்டிக் கிடந்தாலும் தீ பிடித்தால் அணைக்கவும் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றவும் இத்தனை பேர் கப்பலிலேயே இருந்தாக வேண்டும், அது முறை போட்டு வரும். நம் முறை கோவ் துறைமுகத்தில் வருமா, நாலு பக்கமும் கன்டெய்னர் மட்டும் தெரியும் ஏதோ ஒரு துறைமுகத்தில் வருமா என்பது அவரவர் ராசி. அப்புறம் டிரில். பயணிகள் அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து வைப்பார்கள், அதாவது துறைமுக நாளில். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு லைஃப்போட் அடியில் வரிசையாக நின்று பெயர் கூப்பிடக் கூப்பிடக் கை தூக்க வேண்டும், எதிரே ஊர் தெரியும், ஐஸ்கிரீம் கடை தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் கப்பலில் இது இல்லாமல் முடியாது. தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. எம்.எல்.சி. என்று நாங்கள் சொல்லும் 2006-ம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியாவும் 2015-ல் ஏற்றுக்கொண்டது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். கரைக்குப் போய்வர விட வேண்டும் என்றும் அதே உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. நல்லது. இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டாம் பந்தி முடித்து எல்லாம் ஒதுக்கி வைக்க இரவு பதினொன்றரை. காலை ஆறுக்கு டியூட்டி. ஆறரை மணி நேரம் வந்துவிட்டது, பாக்கி மூன்றரை மணி நேரம் பகல் இடைவேளையில்தான் விழும். அந்த மூன்றரைக்குள்தான் சாப்பாடு, குளியல், துணி துவைப்பு, குட்டித்தூக்கம் எல்லாம். கரையில் நான் நடக்கும் இரண்டு மணி நேரத்தைக் கம்பெனி தரவில்லை, என் தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் நடக்கிறேன். உங்கள் கட்டுரையில் விட்டுப்போன விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குக் கிளைதான்.

அதனால் ஊர்களைப் பயணிகள் எடை போடுவதும் நாங்கள் எடை போடுவதும் வேறு. அவர்களுக்குக் கோட்டை, அருங்காட்சியகம், விஸ்கி. எங்களுக்குக் கேங்வே என்ற இறங்குபாலத்திலிருந்து ஊருக்கு எத்தனை நிமிஷம் என்பதுதான். அந்தக் கணக்கில் கோவுக்கு முதலிடம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கார்டைத் தட்டிவிட்டு இறங்கினால் ஊர். ரயில் நிலையம் கப்பலுக்குப் பக்கத்திலேயே, கார்க் நகருக்கு 25 நிமிஷம் போல ஆகும். கார்க்கில் எங்கள் ஆட்களைத் தேட வேண்டுமானால் பென்னீஸ் துணிக்கடைக்குப் போனால் போதும். மற்ற நாடுகளில் பிரைமார்க் என்ற பெயரில் இருக்கும் அதே கடைதான், 1969-ல் டப்ளினில் தொடங்கியது. பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியாக்காரர்கள், கோவாக்காரர்கள், நம்மூர்ப் பையன்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று குழந்தைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நானும் மகளுக்கு ஒரு பஞ்சு வைத்த குளிர் ஜாக்கெட் எடுத்தேன், விலை அவ்வளவு குறைவு. நாகர்கோவிலில் இதை எங்கே போடுவது, கொடைக்கானலில் வீடு பார்த்திருக்கிறீர்களா என்று வீட்டுக்காரி கேட்டாள்.

ரயிலுக்கு நேரம் இல்லாத நாளில் கரையோரத்துக் கென்னடி பூங்காவே போதும். பெஞ்சுகளில் எங்கள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு மொழி, மழை தூறினால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தாமலே அங்கிருக்கும் பேண்டு மேடைக் கூரைக்குக் கீழே ஒதுங்குவார்கள், தூறல் நின்றதும் பெஞ்சைத் துடைத்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். அந்த ஊரில் இது ஒரு மதியத்திலேயே நாலைந்து தடவை நடக்கும். கோடையில் அயர்லாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மதியம் இரண்டுக்கு நான் கூப்பிட்டால் வீட்டில் மாலை ஆறரை, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவி உட்கார்ந்திருப்பாள். கரீபியன் பக்கம் ஓடும்போது அதே இரண்டு மணிக்கு இங்கே இரவு பதினொன்றரை, தூங்கும் பிள்ளையைத்தான் காமிராவில் காட்டுவார்கள். ஐரோப்பா சீசன் வேண்டும் என்று ஆட்கள் ஏன் கேட்டு வாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

கோவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பிரிட்டிஷார் காலத்தில் அதன் பெயர் குவீன்ஸ்டவுன், 1920-ல் மாற்றினார்கள். 1848 முதல் 1950 வரை பிழைப்புத் தேடி அயர்லாந்தை விட்டுப் போனவர்களில் 25 லட்சம் பேர் இங்கேதான் கப்பல் ஏறினார்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போன ஆனி மூர் என்ற பெண்ணும் இங்கிருந்து போனவள்தான். இரண்டு தம்பிகளோடு அவளுக்குக் கரையிலேயே சிலை வைத்திருக்கிறார்கள். டைட்டானிக் கடைசியாக நின்றதும் இந்த ஊரில்தான், 1912 ஏப்ரல் 11. கரைக்கு வராமல் ரோச்சஸ் பாயின்ட் பக்கம் நங்கூரம் போட்டது, இரண்டு சின்னக் கப்பல்களில் 123 பேரைக் கொண்டுபோய் ஏற்றினார்கள், அதில் 113 பேர் மூன்றாம் வகுப்பு. அவர்கள் கிளம்பிய பழைய மரத்துறையின் மிச்சம் இன்னும் தண்ணீரில் நிற்கிறது.

பயணிகள் இதையெல்லாம் கைடு சொல்லக் கேட்டு உச்சுக்கொட்டுவார்கள். எங்களுக்குப் பிடித்த கதை வேறு. டைட்டானிக்கில் கரி அள்ளிப்போடும் வேலையில் இருந்த ஜான் கோஃபி என்பவருக்குக் குவீன்ஸ்டவுன்தான் சொந்த ஊர். கரைக்குப் போகும் தபால் மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஆள் இறங்கிவிட்டார், பிழைத்தார், கொஞ்ச நாளில் இன்னொரு கப்பலில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் ஆள் பற்றாக்குறை, இன்னும் ஒரு மாதம் இருக்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்டால், தபால் மூட்டை எந்தப் பக்கம் என்று எங்கள் மெஸ்ஸில் யாராவது ஒருத்தர் கேட்காமல் இருக்க மாட்டார்.

டப்ளின் அப்படி இல்லை. பெரிய நகரம், நல்ல நகரம், ஆனால் கப்பல் நிற்பது சரக்குத் துறைமுகத்தில். லாரிகளுக்கு நடுவே நடந்து ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து டாக்சி பிடிப்போம், முடியாவிட்டால் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் மாலுமிகள் மையத்துக்குப் போய் டீயும் வைஃபையும். சில கப்பல்கள் டப்ளினுக்குள் போகாமல் டன் லேரிக்கு வெளியே விரிகுடாவில் நங்கூரம் போட்டு டெண்டர் படகில் ஆளை இறக்கும். டெண்டர் துறைமுகம் என்றாலே எங்களுக்கு அலுப்புதான், பயணிகள் போன பிறகுதான் நமக்கு இடம், காற்று கொஞ்சம் திரும்பினால் படகையே நிறுத்திவிடுவார்கள். கால்வேயிலும் இதே கதைதான். பெல்ஃபாஸ்ட் அதே தீவில் இருந்தாலும் வேறு நாடு, நேற்று மாற்றிய யூரோ அங்கே செல்லாது, பவுண்டு வேண்டும். டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்டு வுல்ஃப் தளத்தின் இரண்டு மஞ்சள் ராட்சதக் கிரேன்களும் கப்பலில் இருந்தே தெரியும். அந்த இடத்தில் 2012-ல் திறந்த அருங்காட்சியகம் அருமையாக இருக்கிறதாம், பயணிகள் சொல்கிறார்கள்.

இன்னும் ஒரு இடத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தென்மேற்கு மூலையில் பான்ட்ரி விரிகுடாவுக்குள் போய் கிளென்காரிஃப் என்ற சின்ன ஊருக்கு முன்னால் நங்கூரம் போடுவோம், பாறை மேலெல்லாம் கடல்நாய்கள் படுத்திருக்கும். விரிகுடாவின் தென்கரையாக நீளும் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் அஹாகிஸ்டா என்று ஒரு கடலோரக் கிராமம். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து இந்தக் கரைக்கு அப்பால்தான் கடலில் விழுந்தது. 329 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, பெரும்பாலும் இந்திய வம்சாவளிக் கனடாக்காரர்கள், எத்தனையோ குழந்தைகள். உடல்களைக் கார்க் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள், தேடப் போனவற்றில் ஒன்று அயர்லாந்துக் கடற்படையின் ஆஷ்லிங் கப்பல். அந்தக் கடற்படையின் தளம் கோவுக்கு நேர் எதிரே ஹால்போலின் தீவில் இருக்கிறது, எங்கள் மேல்தளத்தில் நின்றால் தெரியும். அஹாகிஸ்டாவில் நினைவிடம் கட்டி ஒவ்வொரு ஜூன் 23-ம் தேதியும் அந்த ஊர் மக்கள் கூடுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் வரை வந்தும் அங்கே போய்ப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, டெண்டர், பஸ், திரும்பும் நேரம் எதுவுமே ஒத்துவராது. உங்கள் கட்டுரைக்காரர் அயர்லாந்து பற்றி மறுபடி எழுதினால் விஸ்கியோடு இதையும் நாலு வரி எழுதட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன் இதில்தான் அடைகிறது, அடுத்த ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் வருத்தம், அந்தக் கட்டுரைக்குக் கீழேயே வந்திருந்த வரி விளம்பரங்கள். ‘கப்பல் வேலை, அனுபவம் தேவையில்லை, உடனே அணுகவும்’ என்று ஒரு செல்போன் நம்பர், வேறு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படி ஒரு ஏஜென்டிடம் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டினான், கையில் வந்தது ஒரு போலி நியமனக் கடிதம். அதே எம்.எல்.சி. சட்டப்படி மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம் மாதிரியான சொந்தச் செலவுகளைத் தவிர, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. இந்தியாவில் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவர்களின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் என்ற மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககத்தின் இணையதளத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விளம்பரம் வாங்கும்போதே அந்த உரிம எண்ணைக் கேளுங்கள். எண் தராதவர்களின் விளம்பரத்தைப் போடாதீர்கள், அல்லது எண்ணைச் சேர்த்தே அச்சிடுங்கள். அடுத்த இணைப்பில் இந்த வேலை பற்றி எழுதினால் டியூட்டி நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விவரம் வேண்டுமானால் பேசத் தயார், இந்த மாதக் கடைசி வரை ஊரில்தான் இருப்பேன். பெயரை மட்டும் அச்சிட வேண்டாம், கம்பெனியில் யாராவது பார்த்தால் வீண் வம்பு.

இப்படிக்கு,
சொகுசுக் கப்பல் ஊழியர் ஒருவர்,
நாகர்கோவில்.